மாலை கழற்றிய கார்த்திகை

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. தைக்க வேண்டியது: டீச்சர் ப்ளவுஸ் இரண்டு, மேலத்தெருக் கல்யாணப் பெண்ணுக்கு லைனிங் வைத்தது ஒன்று, ஃபால்ஸ் அடிக்க ஒரு சேலை. எதுவும் ஓடவில்லை. கரண்டு வருவதும் போவதுமாக.

இவர் கறுப்பு வேட்டி வாங்கி வந்தார். நாளை கார்த்திகை ஒன்று. மாலை போடப் போகிறாராம்.

"நேத்தோட முடிஞ்சுச்சு ஜோதி. இனிமே தொட மாட்டேன்."

எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். ஆனால் இந்தத் தடவை சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வழக்கமாகச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

முன்பெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் குடி. அப்புறம் மலையில் தோட்ட ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் சாயங்காலங்கள். இப்போது விடியக்காலம் பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஒரு மடக்கு. அது உள்ளே போகாமல் ஜீப்பில் சாவியை நுழைக்க முடியாது. அந்தக் கையை நம்பித்தான் அத்தனை பெண்களும் போடிமெட்டு ஏறுகிறார்கள். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மதினி, இவருடைய அக்கா, கேள்விப்பட்டதும் ஓடி வந்து சூடம் பொருத்தினாள். "என் தம்பிக்கு நல்ல காலம் பொறந்துருச்சுடி ஆத்தா."

நவம்பர் 17, திங்கள்

கோயிலில் ஒரே கூட்டம். குருசாமி மாலை போட்டுவிட்டார். இனி வீட்டிலும் இவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, சாப்பிட வாங்க" என்றேன். எனக்கே சிரிப்பு. அவருக்கும்.

ஆனால் கை நடுக்கம். திருநீறு நெற்றிக்குப் போவதற்குள் பாதி கீழே. காபி டம்ளர் வாய்க்கே போகவில்லை. இந்தக் குளிரிலும் முதுகு முழுக்க வேர்வை. "விரதம் தொடங்குனா அப்பிடித்தான்" என்றாள் மதினி.

ஆட்களை ஷாஜி ஏற்றிப் போனான். கேரளத்துப் பூப்பாறைப் பையன், இவரோடு ஜீப் ஸ்டாண்டில் நிற்பவன், நல்ல பிள்ளை.

மதுரை ஹாஸ்டலிலிருந்து மகள் போன். எப்போதும் கேட்பதுதான். "அம்மா, இன்னைக்கு எந்த அப்பா?" மாலை போட்ட அப்பா என்றேன். "நெசமாவா?" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

வாந்தி. சோறு இறங்கவில்லை. கண்ணே மூடவில்லை. கதவு தட்டினால்கூடத் திடுக்கிடுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரர்: "ஒரு மூடி ஊத்திக் குடுத்தா அடங்கிரும்." மதினி: "மாலை போட்ட சாமிக்கா? கன்னத்துல போட்டுக்கங்க." இரண்டு பேருக்கும் நடுவில் நான். எது சரி என்று கேட்க ஒருவரும் இல்லை. தாங்கிக்கொள்வார், தாங்கினால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நடுங்குவது நல்ல அறிகுறி என்றுகூட நினைத்தேன்.

கல்யாண ப்ளவுஸ் கை வைத்தாகிவிட்டது. கொக்கி பாக்கி.

நவம்பர் 19, புதன்

தேனி. ஆஸ்பத்திரி வராந்தா. அளவு எழுதும் நோட்டின் பின்பக்கம் இது.

விடிந்ததும் பார்த்தேன், இவர் வேட்டியிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "எறும்பு. சுள்ளெறும்பு. தட்டி விடு." ஒன்றும் இல்லை. வெறும் கறுப்புத் துணி.

அப்புறம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜீப் ஓட்ட ஆரம்பித்தார். இடது கையில் கியர். வாயில் ஹாரன். "ஏறுங்க, வெரசா ஏறுங்க. பின்னாடி லோடு வண்டி நிக்கிது." நான் தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, "எங்கத்தா போகணும்? பூப்பாறைக்கா?"

இத்தனை வருசம் கூடக் குடித்தனம் பண்ணியவளை.

மதினி அழுதுகொண்டே, "காத்து அடிச்சிருக்கு. மாலை போட்ட ஒடம்புல எப்பிடி? கோடாங்கிகிட்டக் கொண்டு போவோம்." போகக் கிளம்பிவிட்டோம். நிஜமாகவே கிளம்பிவிட்டோம். அந்த நேரம் பார்த்து ஷாஜி வண்டிச் சாவி வாங்க வந்தான். வாசலில் நின்றபடியே பார்த்தான்.

"சேச்சி, இது பேயொன்னும் இல்ல. எங்க அம்மாவோட தம்பி இப்பிடித்தான். குடிய நிறுத்துன மூணாம் நாளு. மந்திரிக்கக் கொண்டு போனோம். ஆளு போயாச்சு."

கோடாங்கியை விட்டுவிட்டுத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

இவர் ஜீப்பில் டிரைவர் சீட்டைத்தான் கேட்டார். பிடிவாதம். ஷாஜி பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, "அண்ணே, நீங்கதான் ஓட்டுறீங்க. நான் சும்மா கூட வர்றேன்" என்றான். தேனி ரோட்டில் ஏது வளைவு? நேர் ரோடு. இவர் வழி முழுக்க இல்லாத ஸ்டியரிங்கை வளைவு வளைவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ஷாஜியும் கூடவே ஒரு ஹாரன் அடித்தான்.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, காலையிலுமா, எல்லாம் கேட்டார். "மாலை போட்டுச் சுத்தமா நிறுத்திட்டாரு டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதனாலதாம்மா இது வந்திருக்கு."

ஊசி. டிரிப்பில் ஏதோ வைட்டமின், மஞ்சள் நிறம். ஒரு கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். மற்றக் கையால் கழுத்து மாலையை முறுக்கி முறுக்கி இழுத்துக்கொண்டிருந்தார். கழற்றிவிடுங்கள் என்றாள் நர்ஸ். மதினி, "விரதத்துல கழட்டுனா குத்தம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். குருசாமிக்குப் போன் போட்டேன்.

"கழட்டுத்தா. மொதல்ல கழட்டு. உசுரு இருந்தாத்தான் மலை."

கழற்றினேன். மணிகளெல்லாம் வேர்வையில் ஈரம். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. தூங்குகிறார், விழிக்கிறார், தூங்குகிறார்.

சாயங்காலம் கண் திறந்து, "ஜோதி, வண்டி எங்க?"

என் பேரைச் சொன்னார். ஸ்டாண்டில் நிற்கிறது, ஷாஜி பார்த்துக்கொள்கிறான் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு கை கழுத்துக்குப் போனது. தடவிப் பார்த்தார்.

வராந்தாக் குழாயடியில் போய் நின்று அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பக்கெட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள். அவளும் இதற்காகத்தானே அங்கே நிற்கிறாள்.

நவம்பர் 24, திங்கள்

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மறக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

"அண்ணே, நீங்க டிரைவர். உங்களுக்கே புரியும். சாராயம் மூளைக்கு பிரேக் மாதிரி. வருசக்கணக்கா பிரேக்ல கால் வச்சுட்டே இருந்தா மூளை என்ன பண்ணும்? ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி ஓட்டப் பழகிக்கும். நீங்க பட்டுன்னு பிரேக்ல இருந்து காலை எடுத்துட்டீங்க. வண்டி என்னாகும்?"

"பாஞ்சுரும்."

"அதுதான் நடுக்கம், வேர்வை, எறும்பு, எல்லாம்."

தினமும் குடித்த உடம்பு டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக்கூடாதாம். நிறுத்த வேண்டும், ஆனால் மருந்தோடு. சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்கு இப்படி. எத்தனை பேர் கார்த்திகை ஒன்றாம் தேதி வைராக்கியமாக நிறுத்துகிறார்கள். யாருமே இதைச் சொல்லவில்லையே.

இன்னொன்று. "இது திமிரு இல்லம்மா, நோய். சக்கரை மாதிரி. நோய்னு சொன்னதால அவருக்குப் பொறுப்பு இல்லைன்னு ஆகாது. மாத்திரை அவர்தான் போடணும், வர்றதும் அவர்தான் வரணும்."

இவர் கேட்டார்: "மறுபடி குடிச்சுருவேனா டாக்டர்?"

"ஆசை வரும். அதைக் குறைக்க மாத்திரை தர்றேன். ஒருவேளை சறுக்கினா ஒளிஞ்சுக்காதீங்க. உடனே வாங்க. மறுநாளே வாங்க."

வெளியே வந்து இவர் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "திமிருன்னுதான்டி நானும் நெனச்சேன்" என்றார்.

நவம்பர் 27, வியாழன்

மழை. துவைத்த துணி காயவே இல்லை. துணி மாற்றி எடுத்துவரப் போடி போயிருந்தேன்.

மதினி வீட்டுக்கு வந்து முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். வெள்ளைப் பொடி. யாரோ சொல்லி, எங்கேயோ தபாலில் வரவழைத்தது. "சாம்பாருல ஒரு சிட்டிகை. அவனுக்குத் தெரியவே கூடாது. வாழ்நாளுக்கும் தொட மாட்டான்."

திட்ட வரவில்லை எனக்கு. அவளும் கூடப் பிறந்தவள். அப்பா குடித்தே போனதைப் பார்த்தவள். வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் விருப்பம், அவர் மனசு, அவர் முயற்சி எதையும் நம்பி இருக்க வேண்டாம். ஒரு சிட்டிகை போதும்.

பஸ்சு ஏறுவதற்கு முன் மறுபடி போய் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் பிரித்துப் பார்த்தார். "இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கு. இதே மாதிரி வேலை செய்யற மாத்திரை எங்ககிட்டயும் உண்டு. அதைப் போட்டுட்டுக் குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி, சில பேருக்கு உயிரே போயிடும். அதனால தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பார்த்துக் குடுத்தா மட்டும்தான். தெரியாமக் குடுக்கறது விஷம் வைக்கற மாதிரி."

அந்தச் சொல். சாப்பாட்டு வாளியைத் தூக்கும்போதெல்லாம் அது காதில்.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. ரசம், சுட்ட அப்பளம். நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின் சொல்லிவிட்டேன். அக்கா கொடுத்தாள், நான் வாங்கி வைத்தேன், டாக்டரிடம் காட்டினேன், டாக்டர் தூரப் போட்டுவிட்டார் என்று.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலந்து குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா."

"அப்பறம் ஏன் சொல்ற?"

"நாளைக்கும் நான்தானே சோறு போடணும்."

கையில் காய்ந்த பருக்கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

டிசம்பர் 3, புதன்

பனி. கல்யாண ப்ளவுஸ் கொடுத்தாயிற்று. கை கொஞ்சம் இறுக்கமாம். பிரித்துத் தைக்கணும்.

இவர் இன்னும் வண்டி எடுக்கவில்லை. பகல் ஓடிவிடுகிறது. சாயங்காலம்தான் பாடு. மலையிலிருந்து வண்டிகள் இறங்கும் நேரம். உள்ளேயும் வெளியேயும் நடக்கிறார். செருப்பை மாட்டுகிறார், கழற்றுகிறார். டாக்டர் சொன்னபடி அந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கக்கூடாது. சுண்டல், பணியாரம், இன்று கப்பக்கிழங்கு. "அலை மாதிரி வருது, ஒரு கால் மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டாப் போயிருது" என்றார். அவராகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

மாத்திரை வாங்கப் போன அன்று தேனியில் குடியை விட்டவர்களோடு வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொன்னார்களாம். பொட்டிபுரத்து விவசாயி ஒருவர், விட்டு ரொம்ப வருசமாம். "எனக்கு இன்னும் கலியாண வீடுன்னா பயந்தான்யா" என்றாராம். இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

மலைக்கு வண்டி எடுத்துப் போனார். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, தூக்கம் வருகிற மாத்திரைகளை நிறுத்தி ஆயிற்று, இனி ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான். ஷாஜி முன்னால் ஒரு வண்டி, இவர் பின்னால் ஒரு வண்டி.

சிலமலையிலிருந்து வந்து ஏறும் ஒரு பெண் சொன்னாளாம்: "அண்ணே, இன்னைக்கு வளைவுல கண்ண மூடி சாமி கும்பிடல." வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான். பிறகு, "தெனமும் கும்பிட்டுருக்காங்க, ஜோதி" என்றார்.

ஷாஜி இவர் முன்னால் குடிப்பதில்லை என்று முடிவாம். "சேட்டன் வீட்டுக்குப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." ஏலக்காய் ஒரு கைப்பிடி காகிதத்தில் கொடுத்துவிட்டான். வீடெல்லாம் வாசம்.

டிசம்பர் 14, ஞாயிறு

சண்டை. என் பேரில்தான் தப்பு, பாதி.

கொஞ்சம் தாமதமாக வந்தார். டயர் பஞ்சர். சட்டையை வாங்கி மாட்டுகிற மாதிரி மூக்கருகே கொண்டுபோனேன். பார்த்துவிட்டார்.

"மோந்து பாத்தது போதும்."

"பழக்கம். நீங்க பழக்குன பழக்கம்."

ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மதினி வந்தவள் எங்கள் முகத்தைப் பார்த்து, "மறுபடியுமா?" என்றாள். "இல்லக்கா, பஞ்சர்" என்றார் இவர். அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

எனக்கும் ஏதோ சரியாக வேண்டியிருக்கிறது. பாட்டில் சத்தம் மாதிரி எது கேட்டாலும் தோள் இறுகுகிறது. அடுத்த தடவை டாக்டரிடம் என்னைப் பற்றியும் கேட்கணும்.

டிசம்பர் 21, ஞாயிறு

வெயில். வானம் கழுவி விட்ட மாதிரி. மலை பக்கத்தில் வந்து நிற்கிறது.

குருசாமியின் ஆட்கள் இன்று சபரிமலை கிளம்பினார்கள். இருமுடி கட்டி, தெருவில் சரணம் சொல்லி. போக வேண்டாம் என்றேன். "வழியனுப்பக்கூடப் போகாம இருந்தா என்னடி மனுசன்" என்று போனார். குருசாமி கையைப் பிடித்து நல்லபடியாகத்தான் பேசினாராம். ஆனால் பஸ்சுக்குள்ளிருந்து ஒரு குரல். "போட்ட மாலையவே கழட்டுன ஆளுப்பா அவரு." யாரோ சிரித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பணியாரம் ஆறிப் போனது.

விளக்கு வைத்ததும் வந்தார். நடந்து வந்தார். வாசற்படி ஏறவில்லை. செருப்போடு தெருவிலேயே நின்றார்.

"ஜோதி. குடிச்சுட்டேன்."

வாசல் லைட்டைப் போட்டேன்.

"வண்டிய ஸ்டாண்டுலயே விட்டுட்டேன். சாவி ஷாஜிகிட்ட இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நானே மோந்து, நானே தேடி, நானே கண்டுபிடித்ததுதான் எல்லாம். ஒரு தடவைகூட அவராக வந்து சொன்னதில்லை. கோபம் வந்தது. வாய் வரை வந்தது. காலிலிருந்து உச்சி வரை ஒரு சோர்வு ஏறியது. அந்தச் சோர்வுக்கு நடுவில் இதுவும் தெரிந்தது. இவர் ஒளியவில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

வந்தார். உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். மதினிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, வாசலில் வந்து நின்றாள். பொடி, கோடாங்கி, சத்தியம் என்று ஏதாவது ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்னத்தா செய்யணும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"காலையில தேனிக்கு."

"சரி."

டிசம்பர் 22, திங்கள்

முதல் பஸ்சு. ஒத்தை நாள் என்றாலும் போயே ஆகவேண்டும் என்று அவர்தான் என்னைக் கிளப்பினார். புறநோயாளிச் சீட்டு, வரிசை, பெஞ்சு.

டாக்டர் என்னைப் பார்த்து, "எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?"

"அவரே வந்து சொன்னாரு."

டாக்டர் இவரைப் பார்த்தார். திட்டவில்லை. என்ன நடந்தது, எங்கே, யார் கூட, குடிப்பதற்கு முன் மனசில் என்ன ஓடியது, ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுக்கம் இல்லை. இரண்டு நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம், மாத்திரையை விடாமல் போடுங்கள், வியாழக்கிழமை வட்டத்துக்கு வாங்க என்றார். என்னையும் ஒரு நாள் தனியாக வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்சில் கூட்டம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு, பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் கியர் மாற்றுவதைப் பார்த்து, "கிளட்ச்சத் தேய்க்கிறான்" என்றார். அவ்வளவுதான் ஞாபகம். ஊர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், அத்தனை பேருக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு.

போடி வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பினார்.